அழித்தும் குறையாத கோப்பு

தமிழ்ப்பள்ளியில் கரும்பலகையை அழித்தால் எழுத இடம் கிடைத்துவிடும். மின்னஞ்சல் சேவையகமும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன், தொழிற்பயிற்சிக்குச் செல்லும்வரை.

நான் பயிற்சி பெற்ற அலுவலகத்தில் ஒருநாள் சேவையகத்தின் வட்டு நிரம்பும் நிலைக்கு வந்தது. பழைய அஞ்சல்களை நீக்கினோம். கோப்பு இம்மியும் சுருங்கவில்லை. ஏன்?

மைக்ரோசாப்ட் எக்ஸ்சேஞ்ச் சேவையகத்தில் பலருடைய அஞ்சல்கள் ஒரே தரவுத்தளக் கோப்பில் இருக்கும். நீக்கிய அஞ்சலின் இடம் கோப்புக்குள்ளேயே வெற்றிடமாகத் தங்கி, பிறகு வரும் அஞ்சல்களால் நிரம்பும். கோப்பைச் சுருக்க வேண்டுமானால் தரவுத்தளத்தை நிறுத்த வேண்டும். சுருங்கியபின் இருக்கும் அளவில் 110 விழுக்காடு காலி இடமும் தேவை. அதைவிடப் பயனர்களின் பெட்டிகளைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றிவிட்டுப் பழையதை நீக்குவதே எளிது. மாற்றும் வேளையிலும் பயனர்கள் அஞ்சலைப் பார்க்கலாம்.

ஆனால், எங்கள் வட்டை நிரப்பியவை லாக் கோப்புகள். ஒவ்வொரு மாற்றமும் முதலில் 1 மெகாபைட் அளவுள்ள இக்கோப்புகளில் பதிவாகும். முழுக் காப்பு நகல் எடுத்தபின் தேவையற்றவை தாமே நீங்கும். குப்பைதானே என்று அவற்றை அழிக்கப் போனேன்.

“தம்பி, கை வைக்காதே!” என்று தடுத்தார் மேற்பார்வையாளர். தரவுத்தளத்தில் இன்னும் சேராத மாற்றங்கள் அவற்றில் இருக்கும். அழித்தால் அஞ்சல்களையே இழக்க நேரிடலாம்.

காப்பு நகல் பல நாள்களாகத் தோல்வியடைந்திருந்தது. அந்த அறிக்கையைக் காலைதோறும் பார்க்க வேண்டியவன் நான்தான்! அன்று காப்பு நகலைச் சரிசெய்த பிறகே வட்டில் இடம் கிடைத்தது.

நண்பர்களே, பராமரிப்பு என்பது அழிப்பதன்று, அன்றாடம் கவனிப்பது.