சாணைப் பொறியும் இறுகிய சுரையும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய வன்னிப் பகுதிகளின் பட்டறைகளிற் கத்தியும் மண்வெட்டியும் தீட்டும் மின் சாணைப் பொறிக்கு முக்கிய இடமுண்டு. 1990களில் வடபகுதிக்கு எரிபொருளும் உதிரிப்பாகங்களும் செல்வது கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அத்தகைய காலத்திற் சுழல்தண்டு முறிந்தாற் பட்டறையின் பிழைப்பும் முறியும். ஆதலால், இறுகிய சுரையைக் கழற்றும் முறை ஆராயத்தக்கதாகும்.

சுரை இறுகுவதற்குக் காரணங்கள் இரண்டு. இரும்பு துருவாகும்போது கனவளவு பெருகிப் புரிகளின் இடைவெளியை அடைத்தல் ஒன்று. பொறியின் அமைப்பு மற்றையது. பொறியை நோக்கி நிற்போருக்குத் தண்டின் வலப்புறத்தில் வலப்புரியும், இடப்புறத்தில் இடப்புரியும் வெட்டப்பட்டிருக்கும். கல் சுழல்கையிற் சுரை தளராதிருத்தற்கான ஏற்பாடு இது. இதனை அறியாது இடப்புறச் சுரையை வழமைபோல் திருப்புவோர் அதனை மேலும் இறுக்கிவிடுகின்றனர்.

விதி ஒன்றே: எப்புறமாயினும், கல் சுழலும் திசையிலேயே சுரையைத் திருப்புதல் வேண்டும். முதலில் மின்னிணைப்பை நீக்குக. கல்லிற் படாதவாறு புரியில் மெல்லிய எண்ணெயிட்டு ஓரிரவு ஊறவிடுக. கல்லுக்கும் அதன் முன்னுள்ள தாங்கு தட்டுக்குமிடையில் மர ஆப்பைச் செருகி, சாவியின் பிடியைச் சுத்தியலாற் சுருக்கெனத் தட்டுக. நீண்ட குழாயைப் பூட்டி இழுத்தால் தண்டு முறியலாம். கல்லில் அடியோ நெருப்போ படலாகாது; வெடிப்புற்ற கல் சுழல்கையிற் சிதறி உயிரையும் பறிக்கும். கழற்றிய கல்லைத் தொங்கவிட்டு மரக்கட்டையால் மெல்லத் தட்டுக. தெளிந்த ஒலி எழுந்தாலன்றி அதனை மீண்டும் பூட்டலாகாது.

பட்டறைத் தொழிலாளர் இவற்றைக் கைப்பழக்கத்தால் அறிவர். அவ்வறிவைத் தமிழில் எழுத்திற் பதிதல் நம் கடனாகும்.