கன்று, ஆடுகளுக்கு முழங்கால் அருகே எலும்பு முறிவு

துள்ளி ஓடும்போது பள்ளத்தில் விழுவதாலும், பெரிய மாடு மிதிப்பதாலும், வாகனம் மோதுவதாலும் கன்று, ஆடுகளின் பின்னங்கால் எலும்பு முறிவதுண்டு. ஈன முடியாத பசுவிலிருந்து கன்றைப் பலங்கொண்டு இழுக்கும்போதும் தொடை எலும்பு முறியலாம். முறிவு முழங்காலை ஒட்டி இருந்தால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவது பலன் தராது.

முழங்கால் எது?

முன்னங்கால் முட்டி என்று நாம் சொல்வது உண்மையில் மணிக்கட்டு. கால்நடையின் முழங்கால், பின்னங்காலின் மேற்பகுதியில் அடிவயிற்றை ஒட்டி உள்ளது. அதற்கு மேலே தொடை எலும்பு, கீழே கெண்டைக்கால் எலும்பு.

கட்டு ஏன் உதவாது?

முறிவுக்கு மேலும் கீழும் உள்ள இரு மூட்டுகளும் அசையாதிருந்தால்தான் எலும்பு சரியாகக் கூடும். குளம்பை அடுத்த நீள எலும்பு முறிந்தால் பெரும்பாலும் மாவுக்கட்டே போதும். தொடை எலும்பின் மேல் மூட்டு இடுப்பில் இருப்பதால் கட்டு அங்கு எட்டாது. அது கீழே நழுவிப் பளுவாகத் தொங்கி, முறிந்த முனைகளை மேலும் விலக்கிவிடும்.

அறுவை முறைகள்

1. கம்பி செருகுதல்: இளங்கன்று, ஆடுகளில் மூட்டை ஒட்டிய வளரும் பகுதி முறிந்தால், இரு எஃகுக் கம்பிகளைக் குறுக்காகச் செருகிப் பொருத்தலாம்.

2. தகடு பொருத்துதல்: எடை கூடிய கன்றுகளுக்குத் தகடும் திருகாணியும் அதிக உறுதி தரும். செலவும் அதிகம்.

3. வெளிச்சட்டம்: கெண்டைக்கால் எலும்பு முறிவில், எலும்பின் குறுக்கே செலுத்திய கம்பிகளை வெளியே சட்டத்துடன் இணைப்பர். கம்பி நுழையும் இடங்களை நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும்.

வயதும் எடையும் குறைவாக இருந்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம். முழு வளர்ச்சி பெற்ற மாட்டின் தொடை எலும்பு முறிந்தால் வாய்ப்பு மிகக் குறைவு. எனவே செலவு செய்யுமுன் மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டறிதல் நலம்.

உடனே செய்ய வேண்டியவை

காலை இழுத்து நிமிர்த்தக் கூடாது. எண்ணெய் தேய்த்து நீவக் கூடாது. புண் இருந்தால் சுத்தமான துணியால் மூடவும். முறிந்த கால் மேற்புறம் இருக்குமாறு வைக்கோல் பரப்பிய பலகையில் படுக்க வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும். பிறந்த கன்றாயின் சீம்பால் ஊட்டத் தவறக் கூடாது. நாள் கடந்தால் தசை சுருங்கி எலும்பு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். பின்னர் பொருத்துவது கடினம். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் அறுவை சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன.

சிகிச்சைக்குப் பின்

சுமார் 6 வாரம், வழுக்காத தரையுள்ள சிறு அடைப்பில் தனியே வைத்துப் பராமரிக்க வேண்டும். எலும்பு கூடியதென மருத்துவர் உறுதி செய்த பின்னரே மேய்ச்சலுக்கு விட வேண்டும்.