கோப்பை வென்ற கிளப்பும் நமது கணக்கு நோட்டும்

கோடை விடுமுறை தொடங்கியதும் பாகாயம், ஓட்டேரிப் பகுதிக் கடைகளுக்கு ரசீதுப் புத்தகத்துடன் இளைஞர்கள் வருவது வழக்கம். கால்பந்துப் போட்டி நடத்துகிறார்கள். கோப்பைக்கு ஒருவர், பனியனுக்கு ஒருவர், பந்துக்கு ஒருவர் என்று பங்கு பிரித்துக் கேட்பார்கள். நாமும் கொடுத்து வருகிறோம். நம் வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளைகள்தானே, கொடுப்பதில் வருத்தமில்லை.

ஆனால் சில ஆண்டுகளாக இன்னொரு வழக்கமும் சேர்ந்துள்ளது. நன்கொடை போதாதபோது அரிசி, எண்ணெய், வாழைப்பழம், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் கடனாக எடுத்துக்கொண்டு, "பரிசுப் பணம் வந்ததும் தந்துவிடுகிறோம் அண்ணாச்சி" என்கிறார்கள். நமது நோட்டில் அப்படி ஒரு பக்கம் இருக்கிறது. அந்த அணி கோப்பையும் வென்றது. பாக்கி மட்டும் அப்படியே நிற்கிறது.

இந்நிலையில், வரும் பருவத்துக்கு ஓர் அணியைச் சங்கமே பொறுப்பேற்று நடத்தலாம், கடைகளில் அவர்கள் எடுக்கும் சரக்குக்குச் சங்கம் ஜாமீன் நிற்கலாம் என்று உறுப்பினர்கள் சிலர் யோசனை கூறியுள்ளனர். அவர்கள் உதாரணமாகக் காட்டுவது கோவையை. "தமிழ்நாட்டு அணி அகில இந்தியக் கோப்பையையே வென்று காட்டவில்லையா?" என்கிறார்கள். வென்றது உண்மை. அதன் பிறகு நடந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் உதாரணம் முழுமையாகும்.

சென்னை சிட்டி என்ற அந்தக் கிளப், 1946-ல் சென்னையில் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. பல ஆண்டுகள் சென்னை லீக் ஆட்டங்களோடு நின்றிருந்தது. 2016-17 பருவத்தில் அகில இந்திய அளவிலான ஐ-லீக் போட்டியில் நேரடியாக இடம் கிடைத்தது. அதே ஆண்டு அதே வழியில் உள்ளே வந்த இன்னொரு கிளப் பஞ்சாபின் மினர்வா. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சென்னையில் நேரு ஸ்டேடியம் 2014 முதல் சென்னையின் எஃப்.சி. என்ற பெரிய கிளப்பின் மைதானமாக இருந்தது. ஆகவே சென்னை சிட்டி கோவை நேரு ஸ்டேடியத்துக்குப் போய்க் கடை விரித்தது. போர்டில் ஓர் ஊர், கடை வேறோர் ஊர். வியாபாரத்தில் இப்படிச் செய்தால் வாடிக்கையாளர் குழம்புவார். ஆயினும் கோவை மக்கள் அணியைத் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டார்கள் என்றே சொல்லவேண்டும்.

முதல் இரண்டு பருவங்கள் பட்டியலின் கீழ்ப் பாதியில் கழிந்தன. 2018-19-ல் நிலைமை மாறியது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளிலிருந்து, அதிக விலை இல்லாத வீரர்கள் நால்வரைத் தேர்ந்தெடுத்துக் கொண்டு வந்தார்கள். அவர்களில் பெட்ரோ மான்சி ஒருவரே 21 கோல் அடித்தார். கூடவே எட்வின் சிட்னி வன்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் போன்ற நம் மாநிலப் பிள்ளைகள். பிறர் கவனிக்காத இடத்தில் நல்ல சரக்கை மலிவாகக் கொள்முதல் செய்த சாமர்த்தியம் இது. இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

2019 மார்ச் 9-ம் தேதி கடைசி ஆட்டம். எதிரணி அதே மினர்வா. இடைவேளையில் 0-1 என்று சென்னை சிட்டி பின்தங்கியிருந்தது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் வென்று, இவர்கள் தோற்றால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். இரண்டாம் பாதியில் மான்சி ஒரு பெனால்டி, கௌரவ் போரா இரண்டு கோல். 3-1. மொத்தம் 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள். ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளி!

இனிக் கணக்குக்கு வருவோம். கால்பந்துக் கிளப்புக்கு வரவு என்பது பெரும்பாலும் ஐந்து வழிகளில்தான்: டிக்கெட், விளம்பரதாரர், டி.வி. உரிமைப் பங்கு, வீரர்களை வேறு கிளப்புக்கு மாற்றும்போது கிடைக்கும் தொகை, பரிசுப் பணம். செலவோ மாதாமாதம். சம்பளம், தங்கும் இடம், சாப்பாடு, மருத்துவம், பயணம்.

20 ஆட்டங்களில் சொந்த மைதானத்தில் ஆடுவது 10 மட்டுமே. அதாவது ஆண்டில் 10 நாள் மட்டும் கல்லா திறக்கும் கடை. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஓர் ஆட்டத்துக்கு 5,000 பேர் தலைக்கு 50 ரூபாய் கொடுத்து வந்தால் 2.5 லட்சம், பத்து ஆட்டத்துக்கு 25 லட்சம். மறுபக்கம் ஸ்ரீநகர், ஷில்லாங், இம்பால், ஐஸால், கோவா என்று 10 வெளியூர்ப் பயணங்கள். 25 பேர் போய்வர ஆளுக்கு 12,000 ரூபாய் என்றால் அதுவே 30 லட்சம். டிக்கெட் காசு விமானத்துக்கே போதவில்லை. சம்பளப் பட்டியலை இன்னும் நாம் தொடவே இல்லை. தொகைகள் நாம் வைத்துப் பார்த்த உத்தேசம்தான். ஆனால் கணக்கின் போக்கு இப்படித்தான் இருக்கும்.

டி.வி. பங்குதான் மேல்நாட்டுக் கிளப்புகளுக்குப் பெரிய வரவு. ஐ-லீக் கிளப்புகளுக்கு அது பெயரளவில்கூடச் சரியாகக் கிடைத்ததில்லை. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2010-ல் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 15 ஆண்டுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் செய்தது. அதன் வழியாக 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. விளம்பரமும் கேமராவும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. ஐ-லீக்கில் பற்றாக்குறையை நிரப்புவது முதலாளியின் சொந்தப் பணம்தான். முதலாளிக்குப் போதும் என்று தோன்றிய நாளில் கிளப்பும் முடிந்துவிடும். பஞ்சாபில் பக்வாராவின் ஜே.சி.டி. மில் அணி, 1996-97-ல் முதலாவது தேசிய லீக்கையே வென்ற அணி, 2011-ல் கலைக்கப்பட்டது. மும்பையின் மகிந்திரா யுனைடெட் அதற்கு முந்தைய ஆண்டே கலைந்தது.

சென்னை சிட்டிக்கு வந்த அடி இன்னொரு விதம். 2019 மார்ச்சில் இவர்கள் வென்றது நாட்டின் முதல்தர லீக் கோப்பை. அதே ஆண்டு அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒப்புக்கொண்ட திட்டப்படி சூப்பர் லீக் முதல் இடத்துக்கும் ஐ-லீக் அதற்குக் கீழும் போயின. முதல்தரம் என்று கொள்முதல் செய்து குடோனில் அடுக்கிய சரக்கை, ஏழாம் மாதத்தில் மேலிடம் இரண்டாம் தரம் என்று முத்திரை குத்தினால் வியாபாரி என்ன செய்வார்? கிளப் செய்த தவறு அதில் ஒன்றுமில்லை. ஆயினும் நஷ்டம் கிளப்புடையது. மேல் லீக்குக்குப் போக ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் கட்டணம். ஐ-லீக்கை வெல்பவர் கட்டணமின்றி மேலே போகலாம் என்ற விதி 2022-23-ல்தான் நடைமுறைக்கு வந்தது.

இதற்கிடையே 2019 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற பாசல் கிளப், சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. வெளிநாட்டுக் கூட்டாளி வந்துவிட்டார், இனிக் கவலையில்லை என்று பலர் எண்ணினர். ஏன் 26? நமது கம்பெனிச் சட்டப்படி சிறப்புத் தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். 25-க்கு மேல் கையில் வைத்திருப்பவர் அதைத் தடுக்கலாம். தடுக்கத்தான் முடியும்; மாதச் சம்பளம் போடவேண்டிய கடமை அவருக்கு இல்லை. கூட்டு வியாபாரத்தில் இறங்கும் நம் இளம் உறுப்பினர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெரிய பெயர் கொண்ட சிறு பங்காளி போர்டுக்கு அழகு சேர்ப்பார், தினப்படி முதலுக்கு உதவுவார் என்று சொல்ல முடியாது. 2021-ல் பாசல் கிளப்பே கை மாறிவிட்டது.

அதற்குப் பிந்தைய கதை சுருக்கமானது. கோப்பை வென்ற வீரர்கள் ஒவ்வொருவராகப் பிற கிளப்புகளுக்குப் போனார்கள். 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா கிளப்பிடம் 0-1 என்று தோல்வி. அதே மாதம் மான்சி ஜப்பானுக்குச் சென்றார். மார்ச்சில் கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. 2020-21 ஐ-லீக் முழுவதும் வங்காளத்திலேயே, பார்வையாளர் இன்றி நடத்தப்பட்டது. கல்லா திறந்த அந்த 10 நாளும் போயிற்று. 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி ஆடவில்லை. கோப்பை வென்று மூன்று ஆண்டுகூட முடியவில்லை.

மினர்வா என்ன ஆனது? அவர்கள் 2017-18-ல் ஐ-லீக் வென்றவர்கள். அவர்களுக்கும் பணமுடை இருந்தது. 2020-ல் கிளப் ரவுண்ட்கிளாஸ் என்ற நிறுவனத்தின் கைக்குப் போய், பெயர் மாறி, 2022-23 ஐ-லீக்கை வென்று கட்டணமின்றிச் சூப்பர் லீக்குக்கு உயர்ந்தது. கடை மூழ்கும் முன் கடையைக் கைமாற்றியவர் பிழைத்தார். அந்த மேல் லீக்கும் நிம்மதியாக இல்லை என்பது வேறு செய்தி. 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்த நிலையில், புதுப்பிக்கப்படாததால் அந்த ஆண்டு ஜூலையிலேயே அடுத்த பருவம் நிறுத்தி வைக்கப்பட்டது.

இது இந்தியாவின் குறை மட்டும்தான் என்று எண்ணிவிடக் கூடாது. ருமேனியா நாட்டில் உர்சிசேனி என்று ஓர் ஊர். மக்கள்தொகை இருபதாயிரத்துக்கும் குறைவு. நமது குடியாத்தத்தைவிட மிகச் சின்ன ஊர். அந்த ஊரின் உனிரியா கிளப் 2008-09-ல் நாட்டுக் கோப்பையை வென்று ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்குக்கு நேராகப் போனது. ஸ்காட்லாந்து சென்று கிளாஸ்கோ ரேஞ்சர்ஸை 4-1 என்று வீழ்த்தியது. அந்தச் சுற்றில் பங்கேற்றதற்கு மட்டுமே ஒரு கிளப்புக்குக் கிடைத்த தொகை 71 லட்சம் யூரோ. இவ்வளவு பணம் வந்தும் பயிற்சியாளர் போனார், முதலாளி வீரர்களை விற்றார், 2011-ல் கிளப் இரண்டாம் லீக்குக்கு இறங்கிக் கலைந்தே போனது. ஒரு முறை பெரிய வரவு வந்தது. ஊர் சிறியது, மாத வரவு இல்லை. ஒரு முதலாளியின் மனம் மாறியது.

நம் பகுதிக்கு இது புதிதும் அல்ல. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து டேனரிகள் பல மூடப்பட்டபோது, ஒரே டேனரியின் தொழிலாளர்களுக்கு மாதக் கணக்கு எழுதிய மளிகைக் கடைகள் பட்ட பாட்டை மூத்த உறுப்பினர்கள் அறிவார்கள். அந்த டேனரிகள் நல்ல ஏற்றுமதி செய்தவைதான். சரக்கு நல்லது என்பதால் கடைக்காரரின் பாக்கி வசூலாகிவிடவில்லை.

ஆகவே அணியைப் பொறுப்பேற்பது பற்றிப் பேசும்போது, அவர்கள் எத்தனை கோப்பை வென்றார்கள் என்பதை நாம் கேட்கப்போவதில்லை. மாதச் செலவு எவ்வளவு, அதை இப்போது யார் கொடுக்கிறார், அவர் நிறுத்தினால் அடுத்து யார் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கேட்டோம். இளைஞர்கள் முகம் சுளிக்கவில்லை. இரண்டு நாளில் எழுதி வந்தார்கள். இரண்டாவது கேள்விக்கு எதிரே ஒரே ஒரு பெயர் இருந்தது. மூன்றாவதற்கு எதிரே வெற்றிடம்.

நன்கொடையைப் பணமாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வது, கடன் சரக்குக்குச் சங்க ஜாமீன் வேண்டாம் என்பது நமது கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த பொதுக்குழுவுக்கு முன் எழுதி அனுப்பலாம். பழைய பாக்கி உள்ள கடைக்காரர்கள் தங்கள் நோட்டின் அந்தப் பக்கத்தையும் கையோடு கொண்டுவரவும். நமது பக்கத்தை நாம் கொண்டுவருகிறோம்.