மின்னலைத் தேடிய பெர்சி

கிரேக்கக் கடல் தெய்வம் பொசைடனின் மகன், நியூயார்க்கில் பள்ளிக்கூடம் போகிறான். பெயர் பெர்சி ஜாக்சன். ரிக் ரியோர்டன் எழுதி 2005-இல் வெளிவந்த 'தி லைட்னிங் தீஃப்' நாவலின் நாயகன் இவன். 2010 பிப்ரவரியில் இவன் கதை திரைப்படமாக வந்தது.

இயக்கியவர் கிறிஸ் கொலம்பஸ். முதல் இரண்டு ஹாரி பாட்டர் படங்களும் இவருடையவைதான். ஒப்பீட்டுக்குக் கேட்கவா வேண்டும்? 'ஹாரி பாட்டரின் சாயல்' என்று பல விமர்சகர்கள் எழுதினார்கள். கருத்துகள் இரண்டாகப் பிரிந்தன.

ஆனால் மெடூசா காட்சி அருமை. மெடூசாவாக நடித்த உமா தர்மனின் தலையில் பாம்புகள் நெளிகின்றன. மெடூசாவை நேராகப் பார்த்தவர் கல்லாகிவிடுவார். பழைய புராணத்தில் பெர்சியஸ் என்ற வீரன் பளபளக்கும் கேடயத்தில் அவள் பிம்பத்தைப் பார்த்து வெட்டினான். படத்தில் பெர்சிக்குக் கைகொடுப்பது ஐபாடின் பின்பக்கம்!

நாவலை நேசித்த பிள்ளைகளுக்குத்தான் மனம் ஆறவில்லை. கதையில் பெர்சிக்கு 12 வயது. திரையிலோ வளர்ந்த வாலிபன். போர்த் தெய்வம் ஏரிஸுக்கு நாவலில் இருந்த முக்கியப் பங்கும் படத்தில் இல்லை. அந்த ஏமாற்றம் நியாயமானதே.

வசூல் மட்டும் உலக அளவில் 22 கோடி டாலரைத் தாண்டியது. 2013-இல் இரண்டாம் பாகம் வந்தது, அதோடு திரைப்பட வரிசை நின்றது. 2023 டிசம்பரில் டிஸ்னி பிளஸ் தளத்தில் பெர்சியின் கதை தொடராக மீண்டும் வந்தபோது, ரியோர்டனே அதன் உருவாக்கத்தில் பங்கெடுத்தார். அதில் பெர்சியாக நடித்தவர் பதின்வயதுச் சிறுவன் வாக்கர் ஸ்கோபெல்.