ஏழாம் இடத்துக்காரரை ஏன் எடுத்தார்கள்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீ டம்ளரைக் கையில் வாங்கியதுமே அக்கா மகன் ஆரம்பித்தான். “ஜெர்மனியில ஏழாவது இடத்துல முடிச்ச கோச்சைக் கூப்பிட்டு லிவர்பூல்ல எதுக்கு மாமா வேலை கொடுத்தாங்க? ஜெயிச்ச கோச் யாருமே கிடைக்கலையா?”

2015 அக்டோபரில் யூர்கன் க்ளோப்பை நியமித்ததைத்தான் கேட்கிறான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவனுக்கு மனப்பாடம்: 2019இல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை, 2020இல் 99 புள்ளிகளோடு, முப்பது ஆண்டு காத்திருப்புக்குப் பின் லீக் பட்டம். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களுக்கு வருங்காலம் தெரியாதே. அன்றைக்கு அவர்கள் கையில் என்ன இருந்தது? அவன் கேட்டது அதைத்தான். பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அவனுக்குச் சொன்னதையே இங்கே இன்னும் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

க்ளோப் பொருசியா டார்ட்மண்டில் ஏழு ஆண்டு இருந்தார். 2011, 2012 என்று அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டம், 2013இல் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். பிறகு வந்தது 2014-15. அதற்கு முந்தைய கோடையில்தான் கோல் அடிக்கும் லெவண்டோவ்ஸ்கி, ஒப்பந்தம் முடிந்து, டார்ட்மண்டுக்கு ஒரு காசுகூட வராமல் பயர்ன் மியூனிக்குக்குப் போயிருந்தார். பாதித் தொடர் முடிந்தபோது 18 அணிகளில் 17ஆவது இடம். தட்டுத்தடுமாறி மேலே ஏறி ஏழாவதாக முடித்தார்கள். புள்ளிப் பட்டியலை மட்டும் பார்க்கிறவர், இந்த மனிதரின் காலம் முடிந்துவிட்டது என்றுதான் நினைப்பார்.

லிவர்பூலில் அப்போது இயன் கிரகாம் என்பவர் வேலை செய்தார். கேம்பிரிட்ஜில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். டார்ட்மண்ட் ஆட்டங்களின் பாஸ், ஷாட், டேக்கிள் எல்லாவற்றையும் எண்களாக எடுத்து, தன்னுடைய கணக்கு மாதிரியில் போட்டுப் பார்த்தார். இதன் அடிப்படை ரொம்பச் சுலபம். நாலு பெனால்ட்டி அடித்தால் ஏறக்குறைய மூன்று உள்ளே போகும். அப்படியானால் ஒரு பெனால்ட்டியின் மதிப்பு முக்கால் கோல். அது உள்ளே போனாலும் சரி, கம்பத்தில் பட்டுத் திரும்பினாலும் சரி, அந்த வாய்ப்பை உண்டாக்கிய அணிக்கு முக்கால் கோல் வரவு. முப்பது கஜத்திலிருந்து அடித்த ஷாட்டுக்கு மிகச் சொற்பம். இப்படியே ஒவ்வொரு வாய்ப்பையும் எடை போட்டுக் கூட்டினால், ஓர் அணி எவ்வளவு கோலுக்கு உழைத்தது என்று தெரியும். ஸ்கோர் பலகையில் தெரிவது எவ்வளவு கூலி கிடைத்தது என்பது. பயிற்சியாளரை எடை போட உழைப்பின் கணக்குத்தான் முக்கியம். பந்து கம்பத்தில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்பது எந்தப் பயிற்சியாளர் கையிலும் இல்லை.

2014 செப்டம்பரில் மைன்ஸ் அணியோடு ஓர் ஆட்டம். டார்ட்மண்ட் 19 ஷாட், மைன்ஸ் 10. ஆனால் டார்ட்மண்ட் ஒரு பெனால்ட்டியை வீணாக்கியது, சில நிமிடத்தில் தன் கோலுக்குள்ளேயே பந்தைத் தள்ளியது, 0-2 என்று தோற்றது. இப்படி ஒன்றல்ல, பல ஆட்டங்கள். கிரகாமின் கணக்குப்படி அந்த ஆண்டு டார்ட்மண்ட் இரண்டாவதாக முடித்திருக்க வேண்டிய அணி. க்ளோப் பதவியேற்ற சில வாரங்களில் கிரகாம் இந்தக் கணக்குத் தாள்களோடு அவர் அறைக்குப் போனார். மைன்ஸ் ஆட்டத்தைப் பற்றி கிரகாம் பேசிய விதத்தைக் கேட்டு, நேரில் பார்த்தவர் பேசுகிறார் என்றே க்ளோப் நினைத்துவிட்டார். கிரகாம் அந்த ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை.

“அப்போ கம்ப்யூட்டரே கோச்சைத் தேர்ந்தெடுத்துடலாம்னு சொல்றீங்களா?” என்றான். இல்லை. ஒருவருடைய துரதிர்ஷ்டத்தை அவர் தலையில் கட்டாமலிருக்க எண் உதவும். இருபத்தைந்து பேர் அவருக்காக ஓடுவார்களா என்பதை எண் சொல்லாது. அதற்கு அவர் தோற்ற நாட்களைப் பார்க்க வேண்டும். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எல்லோரும் நல்ல தலைவர்தான்.

க்ளோப்பின் பழைய கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். 2001இல் அதே மைன்ஸ் என்ற சின்னக் கிளப்புக்குப் பொறுப்பேற்கிறார். அந்தக் கிளப் அதுவரை முதல் டிவிஷன் வாசலை மிதித்ததில்லை. 2002இல் கடைசி நாளில் ஒரே ஒரு புள்ளியில் வாய்ப்புப் போயிற்று. 2003இல் மறுபடியும் கடைசி நாள், இந்த முறை கோல் வித்தியாசத்தில் ஒரே ஒரு கோல். இரண்டு முறை வாசல்படியில் விழுந்த அணியை மூன்றாவது ஆண்டும் ஓடவைக்க முடியுமா? 2004இல் ஏறிவிட்டார்கள். நான் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருந்தால், இரண்டு பட்டங்களை விட அந்த 2003 கோடையில் அவர் ஆட்டக்காரர்களிடம் என்ன பேசினார், பயிற்சியில் எதை மாற்றினார், எதை மாற்றவில்லை என்றுதான் துருவித் துருவிக் கேட்டிருப்பேன்.

இருக்கிற ஆட்டக்காரர்களுக்கும் வருகிறவரின் ஆட்ட முறைக்கும் பொருந்துமா என்பதும் உண்டு. பொருந்தாவிட்டால் பாதி அணியை விற்று வாங்க வேண்டிவரும். இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

நீட்டிச் சொல்ல வேண்டியது உதவிப் பயிற்சியாளர்களைப் பற்றி. நாம் கேமரா காட்டும் முகத்தையே பார்க்கிறோம். பக்கத்து நாற்காலியில் யார் என்று கேட்காமல் ஆள் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பழைய கதை இருக்கிறது.

பிரையன் க்ளஃப், பீட்டர் டெய்லர். மிடில்ஸ்பரோவில் ஒன்றாக ஆடிய காலத்து நட்பு. டெய்லர் கோல்கீப்பர். இரண்டு பேரும் சேர்ந்து டார்பி கவுன்டியை 1972இல் இங்கிலாந்தின் சாம்பியன் ஆக்கினார்கள். ஆளைக் கண்டுபிடிக்கும் கண் டெய்லருடையது. அந்த ஆளைப் பேசிப் பேசியே ஆடவைக்கும் நாக்கு க்ளஃபுடையது. 1974 ஜூலையில் சாம்பியனான லீட்ஸ் யுனைடெட் க்ளஃபை அழைத்தது. டெய்லர், அப்போது இருவரும் வேலை செய்துகொண்டிருந்த பிரைட்டன் கிளப்பிலேயே இருந்துவிட்டார். அந்த லீட்ஸ் அணியைப் பல ஆண்டு பொதுவெளியில் கடுமையாகத் திட்டியவர் க்ளஃப். அதே ஆட்டக்காரர்கள் முன்னால் இப்போது தனியாகப் போய் நிற்கிறார். கொஞ்சம் பொறு, இன்றைக்கு இதைப் பேசாதே என்று தோளைத் தொட்டுச் சொல்ல ஆள் இல்லை. ஆறு லீக் ஆட்டத்தில் ஒரே வெற்றி. 44 நாளில் வெளியே அனுப்பினார்கள்.

அடுத்து நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். இரண்டாம் டிவிஷன் அணி. டெய்லர் இல்லாமல் க்ளஃப் அதை 1976இல் எட்டாவது இடத்தில் முடித்தார். அந்தக் கோடையில் டெய்லர் வந்து சேர்ந்தார். 1977இல் முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள், 1978இல் சாம்பியன், 1979, 1980 இரண்டிலும் ஐரோப்பியக் கோப்பை. கென்னி பர்ன்ஸ் என்ற முரட்டு ஃபார்வர்டை வாங்கலாமா என்று பார்க்க, டெய்லர் நாய்ப் பந்தய மைதானம் வரை அவர் பின்னாலேயே போய் ஆளைக் கவனித்தார். பிறகு வாங்கி டிஃபென்ஸில் நிறுத்தினார்கள். 1978இல் கால்பந்து எழுத்தாளர்கள் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று தேர்ந்தெடுத்தது அந்த பர்ன்ஸைத்தான்.

“அப்போ டெய்லர்தான் உண்மையான கோச்சா மாமா?” அப்படியும் இல்லை. தனியாக டெய்லர் நடத்திய பிரைட்டன் மேலே ஏறவில்லை. க்ளஃபும் 1982இல் டெய்லர் விலகிய பிறகு லீக் கோப்பைகளை ஜெயித்தாரே தவிர, லீக் பட்டத்தை மறுபடி தொடவில்லை. அதனால்தான் நேர்காணலில் “உங்களோடு யார் வருகிறார்கள்?” என்பதோடு நிறுத்தக் கூடாது. “உங்களுக்கு வராதது எது, அதை யார் செய்கிறார்கள்?” என்று கேட்க வேண்டும். எனக்கு எல்லாம் வரும் என்று சொல்கிறவரை நான் எடுக்க மாட்டேன்.

க்ளோப் இதில் ஒளிவுமறைவு இல்லாதவர். மைன்ஸ் காலத்திலிருந்தே பக்கத்தில் இருந்த ஷெல்கோ புவாச்சை ‘மூளை’ என்றே சொல்வார். வீடியோவில் எதிரணியை அலசும் பீட்டர் கிராவிட்ஸ் அவருக்கு ‘கண்’. இருவரையும் லிவர்பூலுக்குக் கூட்டி வந்தார். கூடவே ஏற்கெனவே அங்கிருந்த பெப் லின்டர்ஸை வைத்துக்கொண்டார். லின்டர்ஸ் அந்தக் கிளப்பின் 16 வயதுக்குட்பட்ட பையன்களைப் பயிற்றுவித்தவர். உள்ளே எந்தப் பையன் எப்படி என்று அறிந்தவர். முழுக்கத் தன் ஆட்களாலேயே பெஞ்சை நிரப்புகிறவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். வந்த இடத்தின் நெளிவுசுளிவு சொல்ல ஒருவராவது வேண்டும். 2018 ஏப்ரல் கடைசியில், ரோமா அணியோடு சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்துக்கு இரண்டே நாள் இருக்கும்போது புவாச் விலகினார். வேறு பெஞ்சாக இருந்தால் ஆட்டம் கண்டிருக்கும். அந்தக் கோடையில், நெதர்லாந்துக்குப் போயிருந்த லின்டர்ஸ் திரும்பி வந்து அந்த வேலையை ஏற்றார். அடுத்த ஆண்டே கோப்பை. லின்டர்ஸ் திரும்பிய அதே 2018இல்தான், கையால் பந்தை எறியக் கற்றுக்கொடுக்க மட்டும் தாமஸ் குரோனமார்க் என்ற டென்மார்க்காரரையும் க்ளோப் சேர்த்துக்கொண்டார். தனக்குத் தெரியாத சின்ன விஷயத்துக்கும் ஆள் தேடுகிற அந்தக் குணம் எனக்குப் பட்டங்களை விடப் பெரிதாகத் தெரிகிறது.

நல்ல உதவியாளரே நல்ல தலைமைப் பயிற்சியாளர் ஆகிவிடுவார் என்று மட்டும் நினைக்கக் கூடாது. லின்டர்ஸ் 2024இல் சால்ஸ்பர்க் அணியின் தலைமைக்குப் போனார். டிசம்பரிலேயே வேலை போயிற்று. அவர் ஞானம் குறைந்தா போயிற்று? வேலைதான் வேறு.

அதே 2024இல் க்ளோப் விடைபெற்றபோது லின்டர்ஸும் கிராவிட்ஸும் சேர்ந்தே போனார்கள். பெஞ்சே காலி. க்ளோப்பின் இடத்துக்கு ஃபெயனோர்டிலிருந்து வந்த ஆர்னே ஸ்லாட், கூட வேலை செய்த சிப்கே ஹுல்ஷாஃபையும் உடற்பயிற்சிக்கு ரூபன் பீட்டர்ஸையும் அழைத்து வந்தார். மூவரில் யாரும் இங்கிலாந்து லீக்கில் வேலை பார்த்தவர்கள் இல்லை. அந்தக் குறையைக் கண்டு, வெஸ்ட் ஹாமில் உதவிப் பயிற்சியாளராக இருந்த ஜானி ஹைட்டிங்காவைச் சேர்த்தார்கள். முதல் அணிக்கென்று அந்தக் கோடையில் புதிதாக வந்த ஆட்டக்காரர் ஃபெடரிகோ கியேசா ஒருவர்தான். 2025 ஏப்ரல் 27, டாட்டன்ஹாமை 5-1 என்று ஜெயித்து, நாலு ஆட்டம் மிச்சமிருக்கும்போதே பட்டம் கையில் வந்துவிட்டது.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். “ஹைட்டிங்கா நம்ம உள்ளூர் எதிரி எவர்ட்டனுக்கு ஆடினவராச்சே மாமா! அவரைப் போயா நம்ம பெஞ்சில உட்கார வெச்சாங்க?”

“ஆமாடா. அந்த ஊர்ப் பந்து அவருக்குத் தெரியும். ஸ்லாட்டுக்குத் தெரியாது.”