எண்கள் நிற்கும் அணிவகுப்பு

அணி என்றதும் கிரிக்கெட்தானே ஞாபகம் வருகிறது? கணக்கிலும் அணி உண்டு, குட்டி நண்பர்களே! பத்தாம் வகுப்பில் அதைச் சந்திப்பீர்கள். இப்போதே ஓர் அறிமுகம் செய்துகொள்ளலாமா?

கவிதா 4 நோட்டு, 2 பேனா வாங்கினாள். முருகன் 3 நோட்டு, 5 பேனா வாங்கினான். பெயர்களை விட்டுவிட்டு எண்களை மட்டும் அடைப்புக்குள் எழுதுவோம்:

[ 4  2 ]
[ 3  5 ]

இதுதான் அணி. படுக்கையாக இருக்கும் வரிசை நிரை. மேலிருந்து கீழே வருவது நிரல். முதல் நிரை கவிதாவுக்கு, முதல் நிரல் நோட்டுக்கு. எண் நிற்கும் இடமே யார், எதை வாங்கினார் என்று சொல்லிவிடுகிறது பாருங்கள்!

நோட்டு 20 ரூபாய், பேனா 10 ரூபாய். கவிதாவின் நிரையை விலையோடு பெருக்கிக் கூட்டினால் 4×20 + 2×10 = 100. முருகனுக்கு 3×20 + 5×10 = 110. அணிப் பெருக்கல் இவ்வளவுதான்.

அவசரத்தில் நிரையை நிரலாக எழுதிவிட்டால்?

[ 4  3 ]
[ 2  5 ]

இப்போது கவிதா 110 ரூபாய் தர வேண்டும். முருகன் 90 தந்தால் போதும். கடைக்காரருக்கு 10 ரூபாய் நஷ்டம்! எண்கள் அதே எண்கள்தான். இரண்டு மட்டும் இடம் மாறின. இப்படி மாற்றி எழுதியதற்கு நிரை நிரல் மாற்று அணி என்று பெயர்.

நிரையும் நிரலும் ஒரே எண்ணிக்கையில் இருந்தால் சதுர அணி. ஒரே நிரல் மட்டும் இருந்தால் நிரல் அணி. எல்லாமே 0 என்றால் பூச்சிய அணி. அலகு அணி சுவாரசியமானது:

[ 1  0 ]
[ 0  1 ]

நம் அணியை இதனால் பெருக்கிப் பாருங்கள், துளியும் மாறாது!

அணிக்கு ஆங்கிலத்தில் 'மேட்ரிக்ஸ்' என்று 1850-ல் பெயர் வைத்தவர் சில்வெஸ்டர். அவருடைய நண்பர் கெய்லி வக்கீலாக இருந்துகொண்டே கணக்கு ஆராய்ச்சியும் செய்தவர். அணிகளைக் கூட்டவும் பெருக்கவும் விதிகளை 1858-ல் வெளியிட்டார்.

3×5, 5×3 இரண்டும் 15தான். ஆனால் இரண்டு அணிகளை முன்பின் மாற்றிப் பெருக்கினால் பெரும்பாலும் விடை மாறிவிடும். 1925-ல் அணுவைப் பற்றிக் கணக்குப் போட்ட 23 வயது ஹைசன்பர்க் இதே சிக்கலில் மாட்டிக்கொண்டார். பெருக்கும் வரிசை மாறினால் விடை மாறுகிறதே என்று கவலை. பாவம், அவருக்கு அணி என்றால் என்னவென்றே தெரியாது! அந்தத் தாள்களைப் படித்த பேராசிரியர் மாக்ஸ் போர்ன், இது தான் மாணவனாக இருந்தபோது படித்த அணிப் பெருக்கல் என்று கண்டுகொண்டார். பிற்பாடு இருவருக்குமே நோபல் பரிசு கிடைத்தது.