தேங்காய்த்திட்டில் கன்டெய்னர்: சந்தேகங்களும் விளக்கங்களும்

புதுச்சேரி துறைமுகத்தைச் சென்னைத் துறைமுகத்துடன் இணைக்க 2017-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2023-இல் ‘ஹோப் 7’ என்ற சிறிய சரக்குக் கப்பல் சென்னையிலிருந்து இங்கு வந்தது. அது முதல் தேங்காய்த்திட்டு, உப்பளம் பகுதி மக்கள் கேட்கும் கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே விளக்கம்.

பெரிய கப்பல்கள் இங்கு வருமா?

வராது. பெரிய கன்டெய்னர் கப்பலுக்கு 14, 15 மீட்டர் ஆழம் தேவை. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அந்த ஆழம் கிடையாது. ஆழம் குறைவாகத் தேவைப்படும் சிறிய கப்பல்களில் கன்டெய்னர் பெட்டிகளைச் சென்னைக்குக் கொண்டுபோய், அங்கே பெரிய கப்பலில் ஏற்றுவதே திட்டம். ஐரோப்பாவில் ராட்டர்டாம் துறைமுகத்துக்கும் ரைன் நதிக்கரை ஊர்களுக்கும் இடையே இப்படித்தான் பெட்டிகள் போய்வருகின்றன.

லாரியே போதாதா? சென்னை 150 கி.மீ. தானே?

நியாயமான கேள்வி. 20 அடிப் பெட்டி ஒன்றின் நீளமே 6 மீட்டர். சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளின் சரக்கு 100 பெட்டியானால், லாரிக்கு இரண்டு வீதம் சாலையில் குறைந்தது 50 லாரி ஓட வேண்டும். கடலில் ஒரே நடை. ஆனால் இங்கே ஏற்றி, சென்னையில் இறக்கி மறுபடி ஏற்றும் கூலி கூடுதல். தூரம் குறைவு என்பதால் டீசலில் மிச்சமாவதை இந்தக் கூலியே விழுங்கிவிடலாம். போகவர இரு பக்கமும் சரக்கு நிரம்பினால்தான் கட்டுப்படியாகும்.

மீனவர் பிழைப்பு பாதிக்குமா?

சரக்குத் துறைமுகத்துக்கும் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கும் முகத்துவாரம் ஒன்றே. மணல் மூடினால் விசைப்படகு தரைதட்டும். கப்பலும் வாசலில் நிற்கும். தூர்வாரினால் இருவருக்கும் லாபம். படகுகள் கடலுக்குப் போய்வரும் நேரத்தில் கப்பல் குறுக்கே வராதபடி நேரம் வகுத்துக்கொள்வது அவசியம்.

கடற்கரை மேலும் அரிக்குமா?

இக்கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களின் இறுதியில் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரின் கடற்கரை கரைந்து, பாறாங்கல் கொட்ட வேண்டியதாயிற்று. பெட்டிகள் வருவதாலேயே அரிப்பு அதிகரிக்காது. தூர்வாரும் மணலை எங்கே கொட்டுகிறார்கள் என்பதுதான் முக்கியம். அதை வடக்குக் கரைக்குச் சேர்த்தால் கரைக்கு நல்லது.

தூசி, நெரிசல்?

நிலக்கரி போலத் திறந்து கொட்டும் சரக்கு அல்ல இது. சீல் வைத்த பெட்டி. தூசி பயமில்லை. ஆனால் துறைமுக வாசல்வரை பெட்டி லாரியில்தான் வரும். மரப்பாலம் சந்திப்பு ஏற்கெனவே திணறுவதால் லாரிகளுக்குத் தனி நேரம் ஒதுக்கியாக வேண்டும்.

பொதுமக்கள் கவனிக்க வேண்டியது என்ன?

திறப்பு விழாத் தேதியை விட, ஆண்டுதோறும் தூர்வாரும் தேதியை அரசிடம் கேளுங்கள். முகத்துவாரம் திறந்திருந்தால்தான் பெட்டியும் வரும், மீனும் வரும்.